கொக்கியில் கட்டிய மணி

காலை ஏழு மணி பத்து நிமிடம். டிராக்டர் எங்கள் வாசலில் நின்றது. அன்று முதலில் என் கண்ணில் பட்டது மணிதான். வண்டி மாட்டின் கழுத்தில் கட்டுகிற பித்தளை மணி. ஒரு கைப்பிடி அளவு இருக்கும், விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கல். டிராக்டரையும் அதன் பின்னால் வருகிற டிரெய்லரையும் இணைக்கும் இடத்தில், டிரெய்லரின் இரும்பு நாக்குக்கு அடியில், கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பி புதியது. அதன் முனை மடக்கப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டே, கட்டியவர் டிரைவர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு கம்பியின் முனையை மடக்காமல் விடுகிறவர் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நான் மதுரையிலிருந்து வெளிவந்த ஒரு நாளிதழுக்குத் திண்டுக்கல் நிருபர். நாங்கள் குடியிருந்த தெருவில் ஜவுளி வியாபாரிகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு வக்கீல் குமாஸ்தா என்று இருபது இருபத்திரண்டு குடும்பங்கள். ஊரின் தெற்குப் பக்கம் தோல் பதனிடும் இடங்கள் இருந்தன. தோல் ஷாப் என்பார்கள். அவற்றில் ஒன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு டிராக்டர் எங்கள் தெரு வழியாகப் போகும். தோலிலிருந்து சீவி எடுத்த சவ்வும் கொழுப்பும், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி உதிர்ந்த முடியும் அதன் டிரெய்லரில் இருக்கும். அகரம் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு அது உரம். கடைவீதிக்குள் டிராக்டர் போகக் கூடாது என்று தடை இருந்ததால் எங்கள் தெருதான் அதற்கு வழி. அந்த நாற்றத்தை நான் எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன், சரியாக வந்ததில்லை. வண்டி போன பிறகும் அரை மணி நேரம் அது வீட்டுக்குள் நிற்கும். குடிக்கிற தண்ணீரில் இருப்பதுபோல் இருக்கும்.

நாற்றத்துக்கு முன்னால் சத்தம் வரும். தெரு முனையில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம். அதில் ஏறும்போது ஒரு இடி, இறங்கும்போது ஒரு இடி. பிறகு தெரு முழுக்க, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தரம், இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும். ஆசிரியர் ஒருவர் காலை பூஜையை ஆறரைக்கே முடித்துக்கொள்ளத் தொடங்கினார். ஒரு நாள் எனக்கு எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லை. 'தெருவில் ஒரு இடிமுழக்கம்' என்று தலைப்பிட்டு, பலகைகள் ஆடிப்போன ஒரு டிரெய்லர் திண்டுக்கல்லின் காலைப் பொழுதைக் கெடுப்பதாகக் கேலியாகப் பதினைந்து வரி எழுதி அனுப்பினேன். நான்காம் பக்கத்தில் வந்தது. தெருவில் பாராட்டினார்கள். வீட்டுக்காரர் (எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ஜவுளி வியாபாரி) பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார்.

மூன்றாம் நாள் காலை டிராக்டர் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, படியில் கால் வைக்காமல், தெருவில் நின்றபடியே கேட்டார்.

"சார், பேப்பர்ல எழுதினது நீங்கதானா?"

"ஆமா. என்ன இப்ப?"

"எழுதினது சரிதான் சார். ஒண்ணு மட்டும் தப்பு. பலகை ஆடல. ஆணியெல்லாம் நான் மாசத்துக்கு ஒருக்கா அடிச்சு வச்சிருவேன். சத்தம் கொக்கியில. செத்த நேரம் வாங்க, காட்டுறேன்."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் வந்தது பிழை திருத்த. நான் துண்டின் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்தவர், "இப்பிடிக்கா நில்லுங்க சார், காத்து அந்தப் பக்கம் போகுது" என்று எனக்கு இடம் காட்டினார். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு; என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை 'ஏம்ப்பா' என்றே கூப்பிட்டேன். அது அப்போது எனக்கு உறுத்தவில்லை.

டிராக்டரின் பின்னால் நீளும் தடித்த இரும்புப் பட்டையில் ஒரு துளை. டிரெய்லரின் நாக்கு நுனியில் ஒரு வளையம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து ஒரு இரும்புக் குச்சியைச் செருகினால் இரண்டும் சேர்ந்துவிடும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் கொக்கி என்று பெயர். வருடக்கணக்காக இழுத்து இழுத்து வளையம் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. குச்சிக்கும் வளையத்துக்கும் நடுவில் தன் கட்டை விரலை நுழைத்துக் காட்டினார். "இம்புட்டு எடம் இருக்கு சார். நான் இழுத்தா வளையம் பின்னால ஒரு அடி அடிக்கும், பிரேக் போட்டா முன்னால வந்து ஒரு அடி. நடுவுல இருக்கிற வெத்து எடம்தான் சத்தம்."

சரியான தகவல். நான் எழுதியது தவறான தகவல். திருத்தம் எதுவும் நான் அனுப்பவில்லை.

அதன் பிறகு சில வாரங்கள், போகிற போக்கில் டிராக்டர் மேலிருந்தபடியே எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டு போவார். எண்ணெயில் முக்கிய சாக்கைச் சுற்றிப் பார்த்தார். மூன்று நாள் தாங்கியது. சைக்கிள் டியூபை வெட்டித் திணித்தார். அகரம் போய்த் திரும்புவதற்குள் நார் நாராகிவிட்டது. கருவேல மரத்தில் ஆப்புச் செதுக்கி அடித்தார். பாலத்தில் ஏறும்போதே தெறித்து வாய்க்காலில் விழுந்தது. "மரம் ஒத்து வரல சார். அது குடுத்து வாங்காது" என்றார். கடைசியில் கைவசம் இருந்த பொருளிடமே போனார். பாதி பதப்பட்ட எருமைத் தோல், செருப்பின் அடிக்குப் போடுகிற தடிமன். அதை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, மாட்டுக் கொழுப்பை உருக்கி ஒரு வாரம் ஊறப்போட்டு வைத்தார்.

தோல் மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வளையத்தின் தேய்மானத்தை அடைக்க உள்ளே ஒரு இரும்பு உறை வேண்டும். நேரான குச்சிக்குப் பதிலாக, மேலே பருத்துக் கீழே சிறுத்து, அடியில் மரை போட்ட குச்சி வேண்டும். அடியில் நட்டை முறுக்க முறுக்க அது இறுக வேண்டும். இதற்காக அவர் ஒரு பூட்டுப் பட்டறைக்குப் போயிருந்தபோது நானும் அங்கே இருந்தேன். எங்கள் வீட்டுப் பூட்டு சரியாக விழாமல் போயிருந்தது. பனையோலை நறுக்கு ஒன்றில் நகத்தால் கீறி அளவு கொண்டுவந்திருந்தார். பட்டறை ஆசாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே அப்பு, நான் பூட்டுக்கு நாக்கு ராவுறவன். நீ டிராக்டருக்கு மோதிரம் கேக்குற."

"மோதிரம்னே வச்சுக்கங்க. ஆனா வெரல்ல ஆடக் கூடாது."

"ரெண்டுக்கும் கண்ணாலம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சோ? அம்புட்டுச் சண்ட போடுதுகளாமே, தெருவே சொல்லுது."

"நீங்க ஒழுங்கா ராவிக் குடுங்க, வாயத் தொறக்காது."

"வாயத் தொறக்காத கொக்கி! ஏலே, மிச்சம் இரும்பு இருந்தா வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சுக்கிறேன்டா."

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். ஆனால் ஆசாரி அரத்தை எடுத்த பிறகு அவர் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரம் குந்தியபடி அரத்தின் மேலேயே கண்ணை வைத்திருந்தார். ஏன் இவ்வளவு பாடு என்று அங்கேதான் கேட்டேன். தோல் ஷாப் முதலாளி ஒரு லாரி வாங்கப் போகிறார், பதப்படுத்திய தோலை மதராஸுக்கு ஏற்றிப் போக. டிரைவர் உலக யுத்தத்தின்போது அசாமில் மூன்று வருடம் ராணுவ லாரி ஓட்டியவர், லைசென்ஸ் இருந்தது. லாரியைக் கேட்டிருக்கிறார். முதலாளி மறுக்கவில்லை. இந்த டிரெய்லரைப் பற்றி ஆறு மாதம் யாரும் புகார் என்று தன் முன்னால் வந்து நிற்கக் கூடாது, அப்படி ஓட்டிக் காட்டினால் லாரி உனக்கு என்று சொல்லியிருக்கிறார். நான் எழுதிய பதினைந்து வரியை யாரோ அவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தார்கள்.

"லாரியில சம்பளம் கூடவோ?" என்று கேட்டேன்.

"சம்பளத்துக்கு இல்ல சார்." ஆசாரியின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "லாரியில போனா எவனும் கதவச் சாத்த மாட்டான்."

அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. கவனிப்பதே தொழில் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். மறுநாள் காலை வாசலில் நின்று பார்த்தேன். பாலத்தில் முதல் இடி கேட்டதும் தெரு முனை வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பிறகு அடுத்தது. பிறகு எதிர்வரிசை. வாசலில் காய்ந்த வடகத் துணியை இரண்டு பெண்கள் நான்கு முனையும் பிடித்து உள்ளே தூக்கிப் போனார்கள். தண்ணீர்க் குடம் உள்ளே போனது. வண்டி எங்கள் வாசலுக்கு வர ஒன்றரை நிமிடம் ஆனது. அதற்குள் தெருவில் திறந்த கதவு எங்களுடையது மட்டும்தான். யாரும் யாருக்கும் சொல்லி வைத்த ஏற்பாடு இல்லை அது. உட்கார்ந்தால் வேட்டியைச் சரிசெய்துகொள்வதுபோல் கை தானாகச் செய்த காரியம்.

உறையும் குச்சியும் தோலும் பொருத்திய மறுநாள் டிராக்டர் வந்தது. என்ஜின் சத்தம் இருந்தது. அது பாரவண்டிச் சத்தத்தோடும் பம்புசெட்டுச் சத்தத்தோடும் கலந்த சத்தம், யார் காதிலும் தனியாக விழாது. கொக்கியிலிருந்து எதுவும் வரவில்லை. பாலத்தில் ஏறியது தெரியவில்லை. எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே ஒரு பிரேக் போட்டு, மறுபடி இழுத்துக் காட்டினார்.

"சத்தம் வந்துச்சா சார்?"

"இல்லையே."

இறங்கி வந்து, கொக்கியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார். "சார், அன்னைக்குப் பதினஞ்சு வரி போட்டீங்க. சத்தம் நின்னு போச்சுன்னு ஒரு வரி போட்டீங்கன்னா மொதலாளிக்கிட்டக் காட்டுவேன்."

"சத்தம் வந்தாத்தான் நியூஸ்ப்பா. நின்னு போனதையெல்லாம் போட மாட்டாங்க."

"ஒரு வரி சார். எங்கயாவது ஒரு ஓரத்துல."

"பாக்குறேன்" என்றேன். பார்க்கவில்லை.

நான்கு மாதம் ஓடியது. ஒரு நாள் வழியில் பாரவண்டி ஒன்று அச்சு முறிந்து கிடந்ததால் டிராக்டர் தாமதமாகி, ஒன்பதரை மணிக்கு எங்கள் தெருவுக்குள் வந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்காரரின் மகளைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் அப்போதுதான் தட்டில் வைத்திருந்தது. கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து, மாவிலை கட்டி, கோலம் போட்டிருந்தது. டிராக்டர் சத்தமில்லாமல் வந்தது. சரியாக அந்த வாசலில் எதிரே ஒரு மாட்டு வண்டி வர, ஒதுங்கி நின்றது. இரண்டு நிமிடம் நின்றிருக்கும். மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். அந்தப் பெண் காபித் தம்ளர்களோடு அடுப்படி நிலையிலேயே நின்றுவிட்டாள். நான் விருந்தாளியாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சம்பந்தம் பிறகு அமையவில்லை. அதற்கு ஜாதகம்தான் காரணம் என்று கடிதம் வந்தது. வீட்டுக்காரர் அதை நம்பவில்லை.

கடிதம் வந்த மறுநாள் அதே கூடத்தில் தெருக்காரர்கள் கூடினார்கள். ஆளுக்கொரு குறை வெளியே வந்தது. வண்டி எப்போது வருகிறது என்றே தெரிவதில்லை. வடகம் வெளியிலேயே கிடக்கிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு நேரே வந்து நிற்கிறது. வக்கீல் குமாஸ்தாதான் அதைப் போட்டு உடைத்தார். "அந்தக் கொக்கிச் சத்தம் இருந்தப்ப நல்லாத்தான்யா இருந்துச்சு. கதவச் சாத்த நேரம் கெடச்சுது." யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"நிருபர் தம்பி, மொதலாளிக்கு ஒரு மனு உங்க கையாலயே எழுதிருங்க. நீங்க எழுதினாத்தான் எடுபடும்" என்றார் வீட்டுக்காரர்.

எழுதினேன். பெண் பார்த்த வீட்டில் உட்கார்ந்திருந்த சங்கடம் எனக்கும் இருந்தது என்று ஒரு சமாதானம் பின்னாளில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உண்மையில் என்னை எழுதச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. 'வண்டியின் வருகையைப் பொதுமக்கள் முன்கூட்டியே அறிந்து தக்க ஏற்பாடு செய்துகொள்ளும் பொருட்டு, மேற்படி டிரெய்லரில் ஓசை எழுப்பும் மணி ஒன்றைக் கட்ட ஆவன செய்யுமாறு' என்று ஒரு வாக்கியம். இரண்டு தடவை அடித்துத் திருத்தி அமைத்த வாக்கியம். பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

வீட்டுக்காரரும் நானும் அதை எடுத்துக்கொண்டு தோல் ஷாப்புக்குப் போனோம். முதலாளி கெட்டவர் இல்லை. யாரோடும் பகை வேண்டாம் என்று நினைக்கிறவர். எங்களுக்குக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த ஒரு வரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"நாலு மாசந்தானப்பா ஆச்சு. புகாரு வந்துருச்சே" என்றார் முதலாளி.

"என்னன்னு மொதலாளி?"

"உன் வண்டி சத்தமில்லாம வருதாம்."

"சத்தம் இல்லேன்னு ஒரு புகாரா?"

"என்னவா இருந்தா என்ன, புகாரு புகாருதான?"

வீட்டுக்காரர் சமரசமாகச் சொன்னார். "ஏப்பா, இதுல ஒனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அந்தத் தோலக் கழட்டிப் போட்டுட்டா முடிஞ்சு போச்சு. பழையபடி சத்தம் வரும், நாங்க பாத்துக்குவோம்."

"அத மட்டும் கழட்ட மாட்டேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "மொதலாளி, அதக் கழட்டி ஓட்டச் சொன்னீங்கன்னா இந்தாங்க சாவி."

"சரிப்பா, கழட்ட வேணாம். அப்ப மணியக் கட்டிக்க. நானே ஆளவிட்டுக் கட்டச் சொல்றேன்."

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். அன்னைக்குச் சத்தம் வேணாம்னு எழுதினீங்க. இன்னைக்கு வேணும்னு எழுதியிருக்கீங்க. நான் எதக் கேக்குறது?"

"தெருக்காரங்க சொன்னத எழுதினேன்ப்பா" என்றேன். அது ஒரு நிருபரின் பதில். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒருவர் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெறலாம், நான் பெற்றேன்.

லாரி அந்த மாதக் கடைசியில் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள் ஒருவர் அதை ஓட்ட அமர்த்தப்பட்டார். தை மாதத்துக்குப் பிறகு டிராக்டரிலும் வேறு ஆள் இருந்தார். பழைய டிரைவர் சித்தையன்கோட்டைப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். விசாரிக்கவேண்டும் என்று நினைத்தேன். புது ஆளுக்கு நட்டை முறுக்கத் தெரியவில்லையோ, அக்கறை இல்லையோ, ஆடி பிறப்பதற்குள் தோல் வட்டங்கள் கிழிந்து எங்கோ விழுந்துவிட்டன. கொக்கி பழையபடி இடிக்கத் தொடங்கியது. மணியை யாரும் அவிழ்க்கவில்லை. இடியும் மணியும் சேர்ந்தே வந்தன. அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை.

சென்ற வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். வாய்க்கால் மூடப்பட்டுவிட்டது, பாலம் இல்லை. காலையில் குப்பை வாங்குகிற வண்டி ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. பாட்டுக் கேட்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வாளியோடு வெளியே வந்து, வாளியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். வண்டியோடு வந்த பெண் ஒவ்வொரு வாளியாகக் குனிந்து எடுத்தார்.

மணி கட்டிய முதல் நாள் காலை ஏழு பத்துக்கு டிராக்டர் எங்கள் வாசலில் நின்றது என்று சொன்னேன். தெருவில் மற்ற கதவுகள் எல்லாம் அதற்குள் சாத்தியாகிவிட்டன. மணிக்குக் கை பழக ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் வாசல்படியில் பேப்பரோடு நின்றிருந்தேன். கொக்கியிலிருந்து சின்ன முனகல்கூட இல்லை. டிரைவர் இறங்கி வந்து, கம்பியின் நீட்டிக்கொண்டிருந்த முனையை விரலால் மடக்கிவிட்டார். யார் காலிலாவது கிழித்துவிடும் என்று. பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கப்பா செத்த மாட்ட இழுத்துக்கிட்டு ஊரோரமா வரையில, 'வாரேன் சாமி, வாரேன் சாமி'ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே வருவாரு சார். நான் பட்டாளத்துக்குப் போனதே அந்தச் சத்தத்தக் காதுல கேக்கக் கூடாதுன்னுதான்." மணியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "எனக்குப் பரவாயில்ல. தொண்டை மிச்சம்."

அவர் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். டிரெய்லர் எங்கள் வாசலுக்கு நேரே வந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.